பொன்னுத்துரை கட்டுன கட்டு

...இறுக்கம்னா ஒங்க வீட்டு இறுக்கம் எங்க வீட்டு இறுக்கம் இல்லீங்க கிளாக்கரையா. கப்பல்ல ஏத்துறதுக்கு முன்னாடி தேயிலைப் பெட்டிக்குத் தகரப்பட்டி அடிப்பாங்கல்ல? அந்த இறுக்கம்! ரெண்டு பக்கமும் மரச்சிம்பு வச்சு, கணுக்கால்லேருந்து இடுப்பு வரைக்கும் ஏழு எடத்துல முடிச்சு. ஏழு! வலியோட வலியா நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். நான் மனுசனா, இல்ல லண்டனுக்குப் போற சரக்கா? கட்டுன ஆளு யாருன்னு கேளுங்க... ஆமா, நீங்க எங்க கேக்குறது. ஒங்களுக்குத்தான் தாடையச் சுத்திக் கட்டி வச்சிருக்காங்களே. சைக்கிள்லேருந்து விழுந்தீங்களாமே, நர்ஸம்மா சொன்னாங்க. சரி, நீங்க கேட்டதாவே வச்சுக்கிட்டு நானே சொல்றேன். பொன்னுத்துரை!

என்ன, சிலேட்டுல எழுதுறீங்களா? காட்டுங்க பாப்போம்... ம்ம்... ஆமாமா. ரொம்ப சரி. கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன், எழுத்து கொஞ்சம் கலங்கலாத் தெரியுது. ஆனா கேள்வி புரிஞ்சுபோச்சு. பொன்னுத்துரை யாருன்னுதான கேக்குறீங்க? சொல்றேன். நீங்க ஒண்ணும் அவசரப்படாதீங்க. ஒங்களுக்கும் போக எடமில்ல, எனக்கும் காலத் தூக்கிக் கயித்துல கட்டி மணல் மூட்டையத் தொங்க விட்டிருக்காங்க.

பேராதெனியாவுலேருந்து கலஹா போற ரோட்டுல முழங்கை மாதிரி ஒரு வளைவு இருக்கா? நீங்க கலஹா பக்கம்தான், தெரிஞ்சிருக்கும். அந்த வளைவத் தாண்டுனதும் இந்தப் பக்கம் நம்ம தேத்தண்ணிக் கடை. அழகமுத்து கடைன்னா பஸ்ஸுக்காரங்க அத்தன பேருக்கும் தெரியும். அந்தப் பக்கம் பொன்னுத்துரையோட சுருட்டுக் கடை. யாழ்ப்பாணத்து ஆளு. நேருக்கு நேரு. நான் கண்ணத் தொறந்தா அந்தாளு மூஞ்சி, அந்தாளு கண்ணத் தொறந்தா என் மூஞ்சி. ஒம்போது வருசமா நாங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசுனதில்ல.

ஏன்னு கேக்க மாட்டீங்களா? நான் கடை தொறந்த அன்னைக்கு, ஊரு ஒலகம் எல்லாம் வந்து நிக்குது. கங்காணிமாரு நாலு பேரு, கோயில் பூசாரி, எல்லாரும். இந்தாளும் வந்தான். உக்காந்தான். குடிச்சான். குடிச்சிட்டு அத்தன பேருக்கும் முன்னாடி சொல்றான், "அழகமுத்தர், சுத்திவர மலையெல்லாம் தேயிலை. உங்கட கோப்பைக்குள்ள மட்டும் அதைக் காணேல்லையே!" அப்படின்னான். சனம் சிரிச்ச சிரிப்பு இருக்கே... பூசாரிகூட சிரிச்சாருங்க! சாமிக்குக் கற்பூரம் காட்டுற மனுசன்! அன்னைக்கு வாய மூடுனவன்தான் நான். நான் இருக்கிற வரைக்கும் அந்தாளோட பேச்சு இல்லைன்னு என் சம்சாரம் பரிமளத்துக்கிட்ட சொல்லிட்டேன். அவ என்ன சொன்னா தெரியுமா? "அப்ப நாளையிலேருந்து ஒரு கரண்டி தூளு கூடப் போடுங்க"ங்குறா. அவளோட ரெண்டு நாள் பேசல.

சிரிக்காதீங்க ஐயா, தாடை வலிக்கும்.

இந்தக் கவுருமெண்டு இருக்கே, அதுக்கு ரோட்டு மேல திடீர்னு ஒரு பாசம் வந்துருக்கு. பஸ்ஸுக்காரங்க ஒருத்தன ஒருத்தன் முந்திக்கிட்டுப் போயி மோதிக்கிறாங்களாம், பள்ளத்துல விழறாங்களாம். அதுக்காக டிரைவர்மாரு கண்ணப் பாக்குறாங்க, பஸ்ஸுல இத்தன பேருக்கு மேல ஏத்தாதேங்குறாங்க, பிரேக்கு போட்டுக் காட்டுங்குறாங்க. டவுன்ல ரோட்டுக்கு நடுவுல வெள்ளைக் கோடு போட்டுருக்காங்க பாத்தீங்களா? எதுக்கு அந்தக் கோடு? எந்தப் பக்கம் போறதுன்னு மாட்டுக்கே தெரியும். வேகமாப் போறவன் டிரைவரு. ஆனா வளைவுக்குப் பக்கத்துல பஸ்ஸ நிறுத்தக் கூடாதுன்னு சட்டம் போட்டு என் கடை வாசல்ல பஸ்ஸு நிக்காமப் பண்ணிட்டாங்க! இப்ப அறுவது எட்டு வச்சு நடக்குற தூரத்துலதான் நிக்குது. பாண் சம்பல் தின்ன வர்ற சனம் அறுவது எட்டு நடந்து வரணும். திரும்பிப் போக அறுவது. யாரு வருவா?

அதுவும் போகட்டும். அடுத்தது கேளுங்க. ரோட்டுல அடிபட்டவன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வர்றதுக்குள்ள பாதிப் பேரு போயிடுறானாம். கண்ட மாதிரித் தூக்குறாங்களாம், காலப் புடிச்சு இழுக்குறாங்களாம். அதனால ஆபத்தான வளைவு இருக்கிற எடத்துல எல்லாம் ஒரு கடைக்காரனப் புடிச்சு, கட்டுப் போடச் சொல்லிக் குடுத்து, ஒரு பெட்டியும் குடுக்கப் போறாங்கன்னு சேதி வந்துச்சு. வெள்ளைப் பெட்டி. உள்ள பண்டேஜ் துணி, பஞ்சு, அயடின் போத்தலு, சிம்பு. கூடவே ஒரு தூக்குக் கட்டில். அதோட ஆபத்துன்னா இங்க வாங்கன்னு கடை வாசல்ல ஒரு விளக்கு! எரியுற விளக்குங்க, கவுருமெண்டு எண்ணெய்!

எங்க வளைவுல அந்தப் பெட்டி யாருக்கு வந்துருக்கணும்? என் கடை பெருசா, அந்தாளு கடை பெருசா? எங்கிட்ட வெந்நி இருக்கு, பெஞ்சு இருக்கு. அடிபட்டவனுக்கு மொதல்ல என்ன குடுப்பீங்க? தேத்தண்ணி குடுப்பீங்களா, சுருட்டுக் குடுப்பீங்களா? நீங்களே சொல்லுங்க!

...ஆங், நல்லாத் தலைய ஆட்டுனீங்க. ஆஸ்பத்திரியிலேருந்து மருந்து குடுக்குற அப்போதிக்கரி ஐயா ஒருத்தரு வந்தாரு. மொதல்ல என் கடைக்குத்தான் வந்தாரு. அத மறந்துடக் கூடாது. மொதல்ல என் கடை! ரெண்டு போத்தல எடுத்து முன்னால வச்சாரு. "இதுல எது அயடின், எது மண்ணெண்ணெய்? ஒட்டியிருக்கிறத வாசிச்சுச் சொல்லும்"னாரு. மோந்து பாத்துச் சொல்றேன்னேன். மோக்கக் கூடாதாம், வாசிக்கணுமாம். நான் என்ன, மோப்பத்துலயே ஏலக்கா எந்தத் தோட்டத்து ஏலக்கான்னு சொல்ற ஆளு! கண்ணாடி வீட்டுல இருக்குன்னேன்... ம்? ஆமா, அன்னைக்கும் வீட்டுலதான் இருந்துச்சு. அது எப்பவும் வீட்டுலதான் இருக்கும். அப்போதிக்கரி ரோட்டத் தாண்டி அந்தப் பக்கம் போனாரு. பொன்னுத்துரை ரெண்டு போத்தலயும் வாசிச்சானாம், இங்கிலீஷுல வேற. பெட்டி அந்தப் பக்கம். கட்டிலு அந்தப் பக்கம். விளக்கு அந்தப் பக்கம். மூணு நாளு கண்டிக்குப் போயி கட்டுப் போடப் படிச்சுட்டு வந்தான். வந்து என்ன பண்ணுனான்? பழகுறேன்னு சொல்லிட்டு கடைத் தூணுக்கெல்லாம் பண்டேஜ் சுத்தி வச்சிருந்தான். சுருட்டு வாங்க வர்றவன் தூணுக்கு என்ன காயம்னு கேட்டுட்டுப் போறான்.

எங்க எழும்புறீங்க? தண்ணிக்கா? அந்தா இருக்கு ஒங்க குவளை, குழாய்ல உறிஞ்சிக்கங்க. உக்காருங்க, உக்காருங்க. இப்பத்தான் விசயத்துக்கே வர்றேன்.

அந்தாளுக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை. சுருட்டுக்கு ஒரு போர்டு எழுதி ரோட்டுல நடணும், தூரத்துலேருந்து வர்ற பஸ்ஸுக்கெல்லாம் தெரியணும்னு. சித்திரை பொறந்ததும் எழுதுவேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். சித்திரையும் பொறந்துச்சு. ஒரு வெள்ளிக்கெழம, நான் பாண் வாங்கிட்டு வர்றேன், என் கடைக்கு மேக்கால நாப்பது எட்டு தள்ளி, என் பக்கத்துல... என் பக்கத்து ரோட்டுல ஐயா!... ஒரு கம்பம் நட்டுக்கிட்டு இருக்காங்க. ரோட்டு ஓவர்சியர் மண்ணு குத்துறாரு. கம்பத்த நேராப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது யாரு? பொன்னுத்துரை! ஓவர்சியருக்கு எத்தன கட்டு சுருட்டு குடுத்தானோ! மேல தகரத்துல போர்டு. செகப்புல முக்கோணம், பாத்தாலே கண்ணுல குத்துது. கீழ கறுப்பா, நடுவுல வளைஞ்சு, மொத்தமா ஒரு சுருட்டுப் படம். அதுக்குக் கீழ எழுத்து. கண்ணாடி இல்லாததால நான் வாசிக்கல. சுருட்டுப் படத்தப் பாத்த பிறகு வாசிக்க என்ன இருக்கு?

எனக்கு எப்படி இருக்கும்? பெட்டி போச்சு, விளக்கு போச்சு, இப்ப என் பக்கத்து ரோட்டுலயும் அந்தாளு சுருட்டு! கேக்கலாம்னா பேச்சு வார்த்தை இல்ல. சனி, ஞாயிறு ரெண்டு நாள் பொறுத்தேன். கண்ண மூடுனா செகப்பு முக்கோணம். திங்கக்கெழம விடியக்காலையில, நல்ல பனி, மூணு அடிக்கு அங்கிட்டு ஆளு தெரியாது... கம்பத்த ரெண்டு ஆட்டு ஆட்டுனேன். புதுசா நட்டது, வந்துருச்சு. அன்னைக்கு அந்தாளு பெட்டிக்கு மருந்து வாங்கக் கண்டிக்குப் போற நாளு, மொத பஸ்ஸுலயே போயிட்டான். இல்லாட்டி சூரியன் வந்ததும் கண்டுபுடிச்சிருப்பான்.

எடுத்தத வீணாக்கக் கூடாதுல்ல? கொல்லப்புறத்துல கோழிக்கூடு ரொம்ப நாளா ஒழுகுது. தகரத்தக் கூரையா போட்டேன். அளவெடுத்துச் செஞ்ச மாதிரிப் பொருந்துச்சுங்க! கம்பத்த வெட்டிக் கூட்டுக்கு ரெண்டு காலு வச்சேன். பரிமளம் வந்து பாத்தா. "செகப்புல என்னங்க படம்?"னா. "சுருட்டு"ன்னேன். "கோழிக்கு எதுக்குச் சுருட்டு?"ன்னுட்டுப் போயிட்டா.

கெட்டதுல நல்லதுன்னு நெனச்சேன். ஆனா கோழிக்குப் புடிக்கல. அதுல ஒரு செவலைக் கோழி இருக்கு, பயங்கரப் பிடிவாதம், என் சம்சாரம் மாதிரி. புதுக் கூரையப் பாத்து மெரண்டு உள்ள போக மாட்டேங்குது. மறுநாள் செவ்வாக்கெழம காலையில அது ஒரே ஓட்டமா கடைக்குள்ள பூந்து, பெஞ்சு மேல ஏறி, ரோட்டுல எறங்கிருச்சு. நான் பின்னாடியே ஓடுறேன். பாத்துத்தான் போனேன் ஐயா, பாக்காமப் போகல. கோழியப் பாத்துத்தான் போனேன்.

அன்னைக்கும் அதே பனி. அதுக்குள்ளேருந்து வர்றான் ஒரு பஸ்ஸுக்காரன்! ஒரு ஹார்ன் இல்ல, ஒரு மெதுவு இல்ல, அப்படியே வளைவுல வந்து... என்னையக் கண்டதும் வண்டிய ஒடிச்சான். பஸ்ஸு மண் மேட்டுல ஏறி நின்னுச்சு. பஸ்ஸுல இருந்தவங்களுக்கு ஒண்ணும் இல்ல, ஒருத்தியோட கூடையிலேருந்து தக்காளி மட்டும் ரோடெல்லாம் உருண்டுச்சு. என் தொடையில மட்கார்டு அடிச்சு... நான் கெடக்குறேன். சுத்தி எல்லாம் செகப்பு. செத்தேன்னு நெனச்சேன். தொட்டுப் பாத்தா தக்காளி!

கோழிக்கா? கோழிக்கு என்ன, தக்காளி தின்னுக்கிட்டு நிக்குது.

சனம் ஓடி வந்துச்சு. ஒருத்தன் காலப் புடிக்கிறான், ஒருத்தன் கக்கத்துல கை குடுக்குறான், தூக்குடாங்குறான். அப்ப ஒரு சத்தம். "தொடாதேங்கோ! ஒருத்தரும் தொடாதேங்கோ!" பொன்னுத்துரை. வெள்ளைப் பெட்டியோட ஓடி வர்றான். பக்கத்துல முட்டிக்கால் போட்டான். "அழகமுத்தர், அசையாமக் கிடவுங்கோ. தொடையெலும்பு முறிஞ்சு போட்டுது"ன்னான். ஒம்போது வருசத்துக்குப் பிறகு எங்கிட்டப் பேசுன மொதப் பேச்சு! நான் பதில் சொல்லல. சொல்லுவனா? எலும்பு ஒடஞ்சா ரோசமும் ஒடஞ்சுருமா? பக்கத்துல நின்ன கண்டக்டர் பயகிட்டச் சொன்னேன், "தம்பி, அந்தாளுகிட்டச் சொல்லு, கட்டு இறுக்கமா இருக்குன்னு." அந்தாளும் கண்டக்டர்கிட்டயே சொல்றான், "அவரிட்டச் சொல்லுங்கோ, இறுக்கமாத்தான் இருக்கவேணும் எண்டு." அப்படியே ஏழு முடிச்சுக்கும் ஏழு தடவ சேதி போச்சு, ஏழு தடவ சேதி வந்துச்சு. கண்டக்டருக்கு மூச்சு வாங்கிருச்சு.

பிறகு கட்டில்ல வச்சு, ஆட்டாம அசைக்காம, பேராதெனியாவுக்கு ஆளனுப்பி, ஆஸ்பத்திரி மோட்டார் வண்டிய வரவச்சு, அந்தாளும் கூடவே ஏறி, காலப் புடிச்சுக்கிட்டே வந்தான். கண்டி வர்ற வரைக்கும் நான் கூரையப் பாத்தேன், அவன் ரோட்டப் பாத்தான்.

இங்க டாக்டரையா என்ன சொன்னாரு தெரியுமா? அதத்தான் என்னால தாங்க முடியல. கட்டப் பிரிக்கும்போது, "யார் கட்டுனது இது? அருமையான கட்டு"ன்னாரு. "இப்படிக் கட்டாமத் தூக்கிட்டு வந்துருந்தா எலும்பு நரம்ப வெட்டியிருக்கும். கால எடுத்துருப்போம், இல்ல ஆளே போயிருப்பான்"னாரு. என் முன்னாடியே! அதோட பொன்னுத்துரையக் கூப்புட்டுக் கை குடுத்தாரு. எனக்குக் காலு இருக்குதுன்னு சந்தோசப்படுறதா, அந்தாளாலதான் இருக்குதுன்னு அழுவுறதான்னு தெரியாம, வலிக்குதுன்னு சொல்லிக் கத்திட்டேன்.

சரி, அது கெடக்கட்டும். இன்னைக்கு இன்ஸ்பெக்டர் வர்றாரு. என் வாக்குமூலம் எடுக்க. அந்த டிரைவரு ஹுஸைனு, அவன் கதை இன்னைக்கு முடிஞ்சுது! என் வாயிலதான் இருக்கு. ஹார்ன் அடிக்கல, மெதுவாப் போகலன்னு சொன்னேன்னா லைசன் காலி. வாழ்நாளுக்கும் ஸ்டியரிங்கத் தொட முடியாது. இத்தன நாளா புசல்லாவைப் பக்கம் ஓட்டுன ஆளாம், எங்க ரோட்டுக்கு அன்னைக்குத்தான் மொத ஓட்டமாம். புதுசுன்னா இன்னும் மெதுவால்ல வரணும்?

நேத்து அவன் உம்மா வந்துருந்தாங்க. கைரியான்னு பேரு. முக்காடு போட்ட வயசான மனுசி, பாத்திருப்பீங்க, இந்த எடத்துலதான் நின்னாங்க. ஒரு தகர டப்பாவுல வட்டிலாப்பம். "எண்ட மகன் பொய் செல்ல மாட்டான். வளைவு வந்தா போர்டு ஈக்கும், போர்டப் பாத்து ஹார்ன் அடிச்சு மெதுவாப் போ எண்டுதான் லைசன் குடுக்கக்குள்ள படிச்சுக் குடுத்தாங்களாம். அந்த எடத்துல போர்டு ஈக்கல்ல எண்டு செல்றான். ஓவர்சியர் ஈந்திச்சி, நாந்தான் நட்டேன் எண்டு செல்றாராம். இப்ப எண்ட மகன் பொய்க்காரனாப் பெய்த்தான்"னு ஒரே அழுகை. வீட்டுல ஆறு பேரு சாப்புடணுமாம். எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. வட்டிலாப்பம் வேற நல்லா இருந்துச்சு. ஆனா நான் என்ன செய்ய முடியும்? அந்த ரோட்டுல போர்டு எதுவும் நான் பாக்கல. நாப்பது எட்டுல குடியிருக்கிறவன் எனக்குத் தெரியாதா? பொன்னுத்துரையோட சுருட்டுப் போர்டுதான் இருந்துச்சு, அதையும் நான்...

ம்? என்ன ஐயா அப்படிப் பாக்குறீங்க? தாடை வலிக்குதா?

பரிமளம் சொல்றா, போலீஸ்காரங்க அந்தப் பக்கமே ஒரு போர்டத் தேடுறாங்களாம். ஆத்துல எறங்கித் தேடுறாங்களாம், பள்ளத்துல தேடுறாங்களாம். என்ன போர்டோ! அதோட அவ இன்னொண்ணு சொன்னா, அதக் கேட்டதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல. அவ இங்கயும் அங்கயும் அலையுறதால, எங்க கோழிக்குத் தீனி போடுறது யாருன்னு நெனக்கிறீங்க? பொன்னுத்துரை! முந்தாநாள் கொல்லப்புறம் போயி நெல்லு போட்டானாம். போட்டுட்டு ரொம்ப நேரம் கூட்டையே பாத்துக்கிட்டு நின்னானாம். பிறகு எனக்குச் சேதி சொல்லி விட்டுருக்கான். "அழகமுத்தரிட்டச் சொல்லுங்கோ, கோழிக்கூட்டுக் கூரை நல்ல கூரை. ஆனா விசாரணை வெள்ளிக்கிழமை எண்டு சொல்லுங்கோ. நான் ஒருத்தரிட்டையும் ஒண்டும் கதைக்கேல்லை எண்டும் சொல்லுங்கோ." அவ்வளவுதான். என்ன நக்கல் பாருங்க! கூரைக்கும் விசாரணைக்கும் என்ன சம்பந்தம்? சுருட்டுப் போர்டு போன ஆத்தரத்துல குத்திக் காட்டுறான்.

அட, அந்தா பாருங்க! அந்தா! கதவுக்குப் பக்கத்துல, அட்டெண்டன் காலையில ஒட்டுன கடதாசி! நான் அப்பவே பாத்தேன், சொல்லணும்னு நெனச்சேன். அதே செகப்பு முக்கோணம். அதே வளைஞ்ச சுருட்டு! ஆஸ்பத்திரிச் செவுத்துல ஐயா! நோயாளி படுத்துருக்கிற எடத்துல சுருட்டுக்கு விளம்பரம்! கை குடுத்த டாக்டரு இதுக்கும் எடம் குடுத்துட்டாரு போல. கேக்க ஆளு இல்லையா இந்த நாட்டுல?

என்ன, ஏன் குலுங்குறீங்க? அழுறீங்களா சிரிக்கிறீங்களா, கட்டுக்குள்ள ஒண்ணும் தெரியல. சிலேட்டா? எழுதுங்க, எழுதுங்க... காட்டுங்க... ஆமாமா, அப்படித்தான், நானும் அதையேதான் சொல்...

இல்லையா? ஏன் கைய ஆட்டுறீங்க?

...எழுத்த அழிக்கிறீங்க. சரி. படமா? நல்லா வரையுறீங்களே. இது என்ன, முக்கோணம். ஆமா. இது சுருட்டு. இல்லையா? பிறகு? கோடு ரெண்டு பக்கமும் நீட்டுறீங்க... பாம்பா?... ரோடு? ரோடு வளையுது. ஆமா, எங்க வளைவு மாதிரியே இருக்கு. இது பஸ்ஸு. நாலு சக்கரம். பஸ்ஸு முக்கோணத்தப் பாக்குது... மணி மாதிரி ஏதோ... ஹார்ன் அடிக்குது. சரி. இப்ப முக்கோணத்த அழிச்சிட்டீங்க. ஏன் அழிச்சீங்க? பஸ்ஸு நேரா வருது. ஹார்ன் இல்ல. இது யாரு, கைய விரிச்சுக்கிட்டு... பக்கத்துல கோழி...

கோழி.

...சுருட்டு இல்லையா அது?

...ரோடா?

ஐயோ, கிளாக்கரையா.

ஐயையோ. இருங்க. பேசாதீங்க... நீங்க எங்க பேசுனீங்க. நான்தான் பேசிக்கிட்டே இருக்கேன். அப்ப கம்பத்தப் புடிச்சுக்கிட்டு நின்னது... ஓவர்சியர் கொஞ்சம் புடின்னு சொல்லியிருப்பாரு, புடிச்சிருப்பான். அந்தப் பய ஹுஸைனு பொய் சொல்லல. போர்டு இருந்துச்சுன்னு ஓவர்சியர் சொன்னதும் பொய்யில்ல. ரெண்டு பேருக்கும் நடுவுல என் கோழிக்கூடு. என் வளைவுக்குக் கவுருமெண்டு காவல் வச்சுச்சு, காவலப் புடுங்கிட்டு நானே போயி முன்னால நின்னுருக்கேன்!

அப்ப பொன்னுத்துரைக்குத் தெரியும். கூரையப் பாத்துட்டான். பாத்துட்டும் ரெண்டு நாளா வாயத் தொறக்கல. ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம், பூசாரியக் கூப்புட்டுக் காட்டலாம். சொல்லலையே! நானா சொல்லட்டும்னு விட்டுருக்கான். கோழிக்கு நெல்லு வேற போடுறான்... தேத்தண்ணி விசயத்துல அவ்வளவு பேசுன ஆளு!

அந்தா, பூட்ஸ் சத்தம். வந்துட்டாரு. சிலேட்ட அழிங்க ஐயா, சீக்கிரம், அழிங்க... இல்ல. வேணாம். அழிக்காதீங்க. இங்க குடுங்க, நானே வச்சுக்கிறேன். நீங்க எங்க நழுவுறீங்க? சரி, போங்க, போங்க. இனி நான் பாத்துக்கிறேன். இவ்வளவு நேரம் ஒரு வார்த்தை குறுக்க பேசாமக் கேட்டீங்களே, பெரிய மனுசன் நீங்க.

வாங்கய்யா, இன்ஸ்பெக்டர் ஐயா. இந்தக் கதிரையில உக்காருங்க. எழுதுறவரும் வந்துருக்காரா? நல்லது, எழுதிக்கங்க. டிரைவர் ஹுஸைன் மேல ஒரு தப்பும் இல்ல. அந்த எடத்துல போர்டு இல்லைன்னு அவன் சொன்னது சத்தியம். ஓவர்சியர் மேலயும் தப்பில்ல. ஆத்துல தேடுறவங்கள மேல ஏறி வரச் சொல்லுங்க, ஜலதோசம் புடிக்கும். போர்டு என் வீட்டுக் கொல்லையில, கோழிக்கூட்டு மேல இருக்கு. கம்பம் ரெண்டு துண்டா கீழ இருக்கு. புடுங்குனது நான். அழகமுத்து. ஏன்னா... இந்தப் படத்தப் பாருங்க, இதுல எல்லாம் வெவரமா இருக்கு. கோழி, நான், எல்லாம்.

சிரிக்கிறீங்க. சிரிங்க. தண்டம் போடணும்னா போடுங்க, கட்டுறேன். ஆனா இன்னைக்கே போர்டப் பழைய எடத்துல நட்டுருங்க. கோழி நனைஞ்சா நனையட்டும், அந்தச் செவலையாலதான் இவ்வளவும். ஹுஸைனோட உம்மாவுக்கு ஒரு ஆளனுப்பிச் சொல்லிருங்க. அந்த வட்டிலாப்ப டப்பாவையும் குடுத்து விடுறேன், கழுவித்தான் வச்சிருக்கு.

எழுதியாச்சா? வாசிச்சுக் காட்டுங்க. இல்லீங்க, கண்ணாடியுமில்ல, ஒண்ணுமில்ல. எனக்கு வாசிக்கத் தெரியாது. அவ்வளவுதான்... ம்ம்... ம்ம்... சரியா இருக்கு. மைய நீட்டுங்க, பெருவிரல் வைக்கிறேன்.

இருங்க இருங்க! கடைசியில ஒரு வரி சேத்துக்கங்க. "பொன்னுத்துரை கட்டுன கட்டு ரொம்ப இறுக்கம்." போட்டீங்களா? அதுக்குக் கீழ, "ஆனா காலு பொழச்சிருச்சு"ன்னு போடுங்க.

சின்ன எழுத்துல போடுங்க.